எனேபிள்: தாழ் திறக்கும் கால்

கனகம்மாசத்திரத்தில் ஒரு கிணற்று மோட்டார் பெட்டி. கரண்ட் வந்த நொடியில் ரிலே தானாக ஒருமுறை 'டக்'கென்று அடிக்கும். காரணம், 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக்கும் 74எச்சிடி125 ஐசியின் 1ஆம் கால், அதாவது 'அவுட்புட் எனேபிள்', நேராகத் தரையில் கட்டியிருந்தது.

எனேபிள் என்றால் இயலச் செய்வது. எனக்கென்னவோ 'தாழ்' என்ற சொல்தான் பொருந்துகிறது. தாழ்ப்பாளில் இன்றும் வாழும் பழஞ்சொல். தாழிட்டால் வெளியீடு 1 அல்ல, 0வும் அல்ல. கம்பியை விட்டே விலகி நிற்கும். அதுதான் மூன்றாம் நிலை. ஒரே கம்பியில் பல ஐசிகள் முறைவைத்துப் பேச முடிவது இதனால்தான்.

சர்க்யூட் படத்தில் அந்த எனேபிள் காலின் பெயர்மேல் ஒரு கோடு இருக்கும். மெய்யின் மேல் வைத்த புள்ளி அகரத்தை அடக்குகிறதே, அதுபோல இந்தக் கோடு பொருளைத் திருப்பிவிடும்: 0 கொடுத்தால் திறக்கும், 1 கொடுத்தால் மூடும்.

தரை என்றால் 0; ஆகவே பெட்டியில் ஓடும் புரோகிராம் விழிக்கும் முன்பே தாழ் திறந்து கிடந்தது. அந்தக் காலைத் தரையிலிருந்து பிரித்து, 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்தோம். ரிலே பக்கம் இன்னொரு 10 கிலோ ஓம் தரைக்கு. புரோகிராம் விழித்தபின் அதுவே தாழைத் திறக்கிறது. 'டக்' நின்றது.

74எச்சிடி126 ஐசியில் அந்தக் கோடு கிடையாது. 1 கொடுத்தால்தான் திறக்கும். கடையில் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.