மதிலுக்குள் விளைந்த மது

மது என்றவுடன் முகம் சுளிப்போர் நம்முள் பலர். ஆயினும், யவனர் கலங்களில் வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்கு உரியதாக நக்கீரர் புறநானூற்றில் பாடியிருப்பதை நாம் மறைப்பதில்லை. தேறல் என்பது தெளிந்தது என்னும் பொருள்படும் சொல். யவனர் கொணர்ந்தது பர்கண்டி மது என்று எவரும் கொள்ள வேண்டா. தெளிவுக்காகக் காத்திருத்தல் என்னும் ஒன்றே இங்கு ஒப்புமை.

பிரான்சு நாட்டின் கிழக்கே உள்ளது பர்கண்டி. அங்குச் சீத்தோ என்னுமிடத்தில் 1098 இல் தோன்றிய மடத்தின் துறவியர், அடுத்த நூற்றாண்டில் வூழோ என்ற ஊரில் சிறிது சிறிதாக நிலம் பெற்றுத் திராட்சை பயிரிட்டனர். நாளடைவில் அது ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்பாயிற்று. அதனைச் சுற்றி மதில் எழுப்பினர். குளோ த வூழோ என்னும் பெயரில் உள்ள 'குளோ' அடைக்கப்பட்ட நிலத்தையே குறிக்கும்.

மதில் நிலத்தைக் காத்தது; கொடியைக் காத்தது ஓர் ஆணை. 1395 இல் கோமகன் பிலிப்பு, காமே என்னும் கொடியை வேரோடு களையக் கட்டளையிட்டான். காமே மிகுதியாகக் காய்ப்பது. பினோ நுவாரோ சிறிதே காய்த்து, நுண்சுவை தருவது. ஏழை உழவனுக்கு எது வேண்டியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கோமகனின் நாவுக்கு உழவனின் வயிறு விலையாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும், இன்று உலகம் போற்றும் பர்கண்டிச் சிவப்பு மது பினோ நுவாரிலிருந்து வருவதே.

வியப்பு யாதெனின், அந்நாளில் மதில் எழுப்பிய துறவியர் முதிர்ந்த மதுவை அறிந்திருக்க மாட்டார்கள். பீப்பாயிலிருந்த மது ஓரிரு ஆண்டுகளிற் புளித்துவிடும். கண்ணாடிப் புட்டியும் தக்கையும் பரவிய 17, 18-ஆம் நூற்றாண்டுகளுக்குப் பின்னரே நெடுங்காலம் பேணும் வழக்கம் வந்தது. ஒளிபடாத நிலவறையில், 12 அல்லது 13 பாகை வெப்பத்தில், புட்டியைக் கிடையாகக் கிடத்துவர். நிமிர்த்தி வைத்தால் தக்கை உலர்ந்து காற்றுப் புகும். நல்ல ஆண்டின் விளைச்சல் 10, 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் நிற்கும். இளமையில் மாணிக்கச் சிவப்பு. முதுமையில் விளிம்பு செங்கல் நிறம் கொள்ளும். தொடக்கத்தில் செர்ரிப் பழத்தை நினைவூட்டிய மணம், பின்னர் மழைக்காலத்துச் சருகையும் காளானையும் நினைவூட்டும். நாவைச் சுருக்கும் துவர்ப்பும் அடங்கும். அடியில் மண்டி படிதலால், முதல் நாளே புட்டியை நிறுத்திவைத்து மெல்ல வார்ப்பர். கலங்கினால் அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீணே.

அம்மதிலகம் துறவியரிடம் நிலைக்கவில்லை. 1789 இல் மூண்ட புரட்சியால் திருச்சபைச் சொத்துகள் அரசுடைமையாகி, 1791 இல் இந்நிலமும் விற்கப்பட்டது. பின்னும் ஒருவர் கையிலேயே பெரும்பாலும் இருந்துவந்த இது, 1889 இல் துண்டாடப்பெற்றது. இன்று உரிமையாளர் ஏறத்தாழ 80 பேர். சிலரிடம் இருப்பவை ஒருசில வரிசைக் கொடிகளே. மேட்டுப் பகுதியில் சுண்ணாம்புக் கல் மிக்க மெல்லிய மண்; சாலையை அடுத்த தாழ்வில் நீர் தேங்கும் களிமண். மதில் ஒன்று, பெயர் ஒன்று, சுவை மட்டும் பல. ஆதலால் அறிந்தோர் புட்டியை வாங்குமுன் ஊர்ப்பெயரோடு நில்லாமல், அஃது எவருடைய பங்கில் விளைந்தது என்றே முதலில் வினவுவர்.