பழைய போர் விமானங்களைப் படமெடுத்தல்: எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

“கிபிர் வந்து அடிச்சது” என்று 1990ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றைப் பற்றி ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 1990இல் இலங்கை விமானப்படையிடம் கிபிர் இருக்கவில்லை. இஸ்ரேலிடமிருந்து அது வந்தது 1996இல். அதற்கு முன் வானிலிருந்து குண்டு போட்டவை வேறு விமானங்கள். கடைசியில் வந்த பெயர் முன்னைய எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயராகிவிட்டது. வீட்டில் பேசும்போது இதில் குறையொன்றுமில்லை. சாட்சியமாகப் பதியும்போது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுச் சாட்சியத்தையும் தள்ளிவிட முடியும்.

ஊவாத் தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1977 வன்செயலுக்குப் பிறகும், பதுளை நகரம் எரிந்த 1983 ஜூலைக்குப் பிறகும், மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் குடியேறியவர்களில் பெரும்பாலானோர் மலையகத்தவர். கலவரத்துக்குத் தப்பிப் போன இடத்தில் அவர்களுக்குப் பதுங்குகுழி காத்திருந்தது. அங்கிருந்து திரும்பிவந்தவர்களும், அங்கே உறவுகளை இழந்தவர்களும் இன்று பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்து லயங்களிலும் இருக்கிறார்கள்.

ஆகவே பழைய இராணுவ விமானங்களைப் படமெடுப்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. வெளிநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்குத்தான். அதற்கென்று சஞ்சிகைகளும் சங்கங்களும் உண்டு. அந்த ஆட்களிடமிருந்து நுட்பத்தைக் கற்றுக்கொள்ளலாம். நோக்கம் மட்டும் எங்களுடையதாக இருக்கட்டும்: ஒவ்வொரு வகை விமானத்தையும் தெளிவாகக் காட்டும் படத்தொகுப்பு இருந்தால், சாட்சி சொல்பவர் “இதுதான்” என்று விரல்வைத்துக் காட்ட முடியும்.

எங்கே பார்க்கலாம்

தியத்தலாவையில் விமானப்படை முகாம் இருந்தாலும் அது தரைப் பயிற்சிக்கான இடம். அங்கே வேலிக்கு வெளியே நின்று கமராவைத் தூக்குவது வீண் வம்பு. பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய இடம் இரத்மலானையில் உள்ள விமானப்படை நூதனசாலை. 1993இல் பழைய விமானங்களைப் பாதுகாக்கும் பிரிவாகத் தொடங்கிய இது, போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டு நவம்பரில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. வாசலிலேயே படமெடுக்கலாமா, எந்தப் பகுதியில் கூடாது என்று கேட்டுவிடுங்கள். டிரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி தேவை. அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

அங்கே உள்ளவற்றில் இரண்டு விமானங்களின் முன் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். ஒன்று ஜெட் புரொவோஸ்ட். 1959இல் பிரித்தானியாவிடமிருந்து வாங்கப்பட்ட, இந்த நாட்டின் முதல் ஜெட் விமானம். பயிற்சிக்கென்று வந்தது. 1971 ஏப்ரல் 5 அதிகாலை வெல்லவாய பொலிஸ் நிலையத்தை ஜே.வி.பி.யினர் தாக்கியதோடு கிளர்ச்சி வெடித்தது, ஊவாவில்தான். அந்தக் கிளர்ச்சியை அடக்க ஜெட் புரொவோஸ்ட்கள் தாக்குதலில் இறக்கப்பட்டன. மற்றது மிக்-17, அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் கொடுத்தது. சொந்த நாட்டு மக்கள் மீது விமானத்தைப் பாவிப்பது வடக்கில் தொடங்கவில்லை, தெற்கின் சிங்கள இளைஞர்கள் மீதே தொடங்கியது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

வடக்கு கிழக்கு வானத்தில் தெரிந்தவை பிறகு வந்தவை. இத்தாலியின் சியாய் மார்ச்செட்டி 1985இலிருந்து. மக்கள் வாயில் அது சியாமாசெட்டி. சரக்கு விமானத்திலிருந்து பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிய காலத்தில் அதற்குச் சகடை என்று பெயர். 1991இல் சீனாவின் எஃப்-7. 1993இல் ஆர்ஜென்டீனாவின் புக்காரா. பிறகு 1996இல் கிபிர், 2000இல் உக்ரேனிலிருந்து மிக்-27. நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது 1995 ஜூலை 9. இந்த வரிசையைப் பார்த்தாலே அன்று வந்தது கிபிராக இருக்கமுடியாது என்று விளங்கும். (கிபிர் என்றால் ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி. ஆயுத வியாபாரிகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கைராசி இருக்கத்தான் செய்கிறது.)

எப்படி எடுப்பது

விமானக் கொட்டகைக்குள் வெளிச்சம் கலப்படமானது: வாசலால் வரும் பகல் வெளிச்சம் ஒரு நிறம், கூரை விளக்கு இன்னொரு நிறம். கமராவில் ‘ரோ’ வடிவத்தில் எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம். ஐஎஸ்ஓ 1600 வரை தயங்காமல் போகலாம்; கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, கை ஆடிய படத்தைக் காப்பாற்ற வழியில்லை.

இடம் நெருக்கடி என்பதால் வைட் லென்ஸைப் போடத் தோன்றும். கிட்ட நின்று வைடில் எடுத்தால் மூக்கு வீங்கும், வால் சுருங்கும். அடையாளம் காட்ட அந்தப் படம் உதவாது. முடிந்தவரை பின்வாங்கி 35 முதல் 50 மில்லிமீற்றரில் எடுங்கள். கைபேசி என்றால் 0.5 என்று காட்டும் வில்லையைத் தொடவேண்டாம். வெளியில் நிற்கும் விமானங்களுக்கு உச்சிவெயில் எதிரி. பளபளக்கும் உலோகம் வெளுத்துப்போகாமலிருக்க வெளிச்சத்தை அரைப்படியிலிருந்து ஒரு படிவரை குறைத்து எடுக்கவேண்டும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்.

கோணம்தான் முக்கியம். தாழ இருந்து மூக்கை நிமிர்த்தி எடுத்தால் எந்த விமானமும் வீரனாகத் தெரியும். விளம்பரப் படங்கள் எல்லாம் அப்படித்தான். எங்களுக்குத் தேவையானவை மூன்று படங்கள்: நேர்ப்பக்கவாட்டு, முன்பக்கம், அடிப்பக்கம். கீழே இருந்தவர்கள் கண்டது அடிப்பக்கத்தைத்தானே. இறக்கையின் வடிவம், அது உடலில் மேலே பொருந்தியிருக்கிறதா கீழேயா, குண்டு தொங்கவிடும் கொளுவிகள் எத்தனை, வால் எப்படி என்பதெல்லாம் அங்கிருந்து தெரியவேண்டும். அனுமதி உள்ள இடத்தில் குனிந்து, தேவைப்பட்டால் நிலத்தில் உட்கார்ந்து எடுங்கள். பெயர்ப்பலகையையும் தனியாக ஒரு படம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும், என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பதும் பதிவுதான்.

பறக்கும் விமானத்தை எடுப்பவருக்கு ஒரு குறிப்பு போதும். ஜெட் என்றால் ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல். விசிறி வைத்தது என்றால் 1/250க்குக் கீழே இறங்கவேண்டும், இல்லாவிட்டால் விசிறி உறைந்து விமானம் நூலில் தொங்கும் பொம்மைபோல இருக்கும்.

திருத்தும் மேசையில்

கணினியில் டார்க்டேபிள், கைபேசியில் ஸ்னாப்சீட், இரண்டும் இலவசம். இந்த வேலைக்குப் போதுமானவை. நிறத்தைச் சமப்படுத்துவது, சரிவை நேராக்குவது, நிழலுக்குள் இருக்கும் அடிப்பக்கத்தை வெளிச்சமாக்குவது, கமரா சென்சரில் இருந்த தூசிப் புள்ளியை அழிப்பது எல்லாம் சரி. விமானத்தின் மேல் உள்ள கறை, ஒட்டுத்தகடு, உரிந்த பூச்சு, மங்கிய எழுத்து எதையும் அழிக்கக்கூடாது. முக்கியமாகத் தொடர் இலக்கம். விமானப்படையின் பழைய விமானங்களில் அது ஆங்கில ‘சி’ எழுத்தில் தொடங்கும், சிலோன் என்ற காலத்தின் மிச்சம். அந்த எழுத்தும் எண்ணும் இருந்தால்தான் அது எந்த விமானம் என்று பின்னர் ஒருவர் தேடமுடியும்.

வானத்தை மாற்றுவது, புகை சேர்ப்பது, சுடுவதுபோல நெருப்பு வைப்பது ஆகியவற்றைப் பற்றி ஒரு பழைய கதை. 2006 ஆகஸ்டில் லெபனான் போரின்போது ரொய்ட்டர்ஸ் நிறுவனத்துக்குப் படமெடுத்த அட்னான் ஹஜ் என்பவர், இஸ்ரேலின் எஃப்-16 விமானம் ஒன்றிலிருந்து விழுந்த ஒற்றை ஒளிச்சுடரை நகலெடுத்து மூன்றாக்கினார். படக்குறிப்பு அவற்றை ஏவுகணை என்றது. பெய்ரூட் படமொன்றில் புகையையும் கூட்டியிருந்தார். கண்டுபிடிக்கப்பட்டதும் ரொய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விலக்கிக்கொண்டது. பெய்ரூட்டில் குண்டு விழுந்தது உண்மை. ஆனால் அதன்பிறகு பேச்சு குண்டைப் பற்றியதாக இருக்கவில்லை, படத்தைப் பற்றியதாக இருந்தது. அதே மாதம் 14ஆம் திகதிதான் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்து மாணவிகள் இறந்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றிலாவது யாரோ உணர்ச்சிவசப்பட்டுப் புகையைக் கூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தெரியாததை ஊகித்து நிரப்புகின்றன. தேய்ந்த 3 அழகான 8 ஆகிவிடும், இல்லாத ஆணிவரிசை முளைக்கும். முகநூலில் போடும் பூப்படத்துக்குப் பரவாயில்லை. விமானப் படத்துக்கு வேண்டாம்.

மூலக்கோப்பை ஒருபோதும் மேலெழுதாமல், திருத்திய பிரதியை வேறு பெயரில் சேமியுங்கள். குறிப்பில் விமான வகை, தொடர் இலக்கம், எடுத்த இடம், திகதி, என்ன திருத்தினீர்கள் என்பது இருக்கட்டும். இன்னொருவருக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் திகதி, கமரா விபரம் எல்லாம் கழன்றுவிடும், படமும் சுருங்கும். ஆவணம் என்ற தெரிவில் இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.