கரணம்: கோபுரத்திலும் தெருவிலும்

தமிழில் கரணம் என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. நாட்டியம் கற்பவருக்கு அது நாட்டிய சாத்திரம் கூறும் 108 ஆடல் அசைவுகளுள் ஒன்று. ஊர்ச் சிறுவனுக்கு மணலில் போடும் குட்டிக்கரணம். 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழியைக் கேட்டதும் கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடிதான் நினைவுக்கு வருவார். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: உடலை வளைத்து, சுழற்றி, விழாமல் நிறுத்தும் பயிற்சி. கோபுரத்தில் அது தெய்வக் கலையாகவும் தெருவில் பிழைப்பாகவும் சட்டத்தின் பார்வையில் ஐயத்துக்குரியதாகவும் ஆனது.

சிதம்பரத்துக் கரணங்கள்

கடலூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் உள்ள சிதம்பரம் நடராசர் கோயிலில் நான்கு திசைகளிலும் ஏழுநிலைக் கோபுரங்கள் உள்ளன. அவற்றின் வாயில் வழியில், இருபுறச் சுவர்களிலும் கரணச் சிற்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. வடக்குக் கோபுரம் விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரோடு இணைத்துப் பேசப்படுவது. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களோடு நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எந்தச் சிற்பம் எந்தக் கரணம் என்று அடையாளம் காண இதுவே பெருந்துணை.

108 கரணங்களுள் பல மென்மையானவை. முதல் கரணமான தலபுஷ்பபுடத்தில் ஆடுபவர் இரு கைகளாலும் மலர் ஏந்துவதுபோல் நிற்கிறார். வேறு சில அப்படியல்ல. விருச்சிக வகைக் கரணங்களில் கால் பின்புறமாக உயர்ந்து தேள் கொடுக்குப்போல் வளைகிறது. லலாடதிலகத்தில் அவ்வாறு உயர்ந்த காலின் விரல் நெற்றியில் திலகமிடும் அளவுக்கு வந்துவிடும். கடைசியான கங்காவதரணத்தில் கால்கள் மேலே, கைகள் கீழே. இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் இதைக் கண்டால் 'ஜிம்னாஸ்டிக்ஸ்' என்போம்.

சிதம்பரத்தில் இவற்றை ஆடுவதாகச் செதுக்கப்பட்டிருப்போர் பெண்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் உள்ள 81 கரணங்களை ஆடுபவர் சிவபெருமானே; எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படாமல் நின்றுவிட்டன. தில்லையில் வழங்கும் கதையோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடியபோது சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடினார் என்றும், பெண்மையின் நாணத்தால் காளி அதைச் செய்யாமல் தோற்றாள் என்றும் அக்கதை கூறும். அதே கோயிலின் வாயிலில் கல்லில் நிற்கும் பெண்கள் தயக்கமின்றிக் காலைத் தூக்குகிறார்கள். சிற்பிகளுக்குத் தெரிந்த ஆடல்மகளிர் கதையைவிடத் துணிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

இதே மாவட்டத்தில் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் கோபுரங்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. சிதம்பரம் வரை வருபவர்களில் பலர் அங்கே செல்வதில்லை.

நூலுக்கு வந்த வழி

1914ஆம் ஆண்டின் சென்னைக் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கை கிழக்குக் கோபுரத்தின் 93 கரணங்களைச் சுலோகங்களோடு வெளியிட்டது. 1936இல் 'தாண்டவ லக்ஷணம்' என்ற ஆங்கில நூல் வந்தது. அதை எழுதிய மூவருள் ஒருவரான பி. வி. நாராயணசாமி நாயுடு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். பொருளியல் ஆசிரியர் ஒருவர் கரணங்களில் ஆழ்ந்ததற்குக் கோயில் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாகலாம்.

பின்னர் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். கரணம் என்பது அசையாத நிலை அன்று. காலின் நடை, உடலின் நிலை, கையின் வீச்சு மூன்றும் இணைந்த ஓர் இயக்கம். சிற்பி அதன் ஒரு கணத்தை மட்டும் பிடித்திருக்கிறார் என்பது அவர் கருத்து. காலைத் தூக்கிய சிற்பத்தைப் பார்த்து 'இது நடனமா, வித்தையா' என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள அசைவை விட்டுவிட்டுப் பார்த்தால் எந்த நடனமும் வித்தையாகவே தெரியும்.

கழையும் கயிறும்

கழை என்றால் மூங்கில். கழைக்கூத்தில் மூங்கில்களைப் பெருக்கல் குறிபோல் இரு பக்கமும் கட்டி, இடையே கயிற்றை இழுத்து முளையடித்து இறுக்குவார்கள். நீண்ட கழியைக் குறுக்காகப் பிடித்தபடி ஒரு சிறுமி நடப்பாள்; கீழே பெரியவர் மேளம் அடிப்பார். கழி வெறும் அலங்காரம் அன்று. எடை இருபுறமும் தொலைவில் பரவியிருப்பதால் உடல் சாயும் வேகம் குறைகிறது. சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. மேளம் கூட்டத்தைச் சேர்ப்பதோடு நடைக்குத் தாளமும் தருகிறது.

இதன் பழமைக்குச் சங்க இலக்கியம் சான்று. குறுந்தொகையின் ஏழாம் பாடல் கயிற்றில் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலியை, காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுகளுக்கு உவமையாக்குகிறது. நற்றிணையின் 95ஆம் பாடலில் ஆடுமகள் நடந்த கயிற்றில் குரங்குக்குட்டி ஊசலாட, குறவர் சிறுவர் பாறை மீதேறித் தாளம் கொட்டுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் கொற்றவையின் மரக்காலாடலும் ஒன்று. கயிற்றில் நடந்தவளும் மரக்காலில் ஆடியவளும் புலவர்களின் கண்ணில் கூத்தர்களே.

திருடனும் வித்தைக்காரனும்

இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இன்றைய மாணவர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளுள் முதன்மையானது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் 2014ஆம் ஆண்டு விதிகளில் கரண வித்தைத் திறன் உடல் லாவகத்தின் கீழும், அரங்கில் நிகழ்த்தும் திறன் ஆளுமைக் கவர்ச்சியின் கீழும் தனித்தனியே வருகின்றன. சிதம்பரத்துச் சிற்பி இப்பிரிவினையை ஏற்றிருக்க மாட்டார்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது 1985இல் வந்த அதன் துணைநூல் ஒன்று. அதில் 'திருடன்-வித்தைக்காரன்' என்ற பாத்திர வகை சேர்க்கப்பட்டது. கயிற்றில் நடத்தல், கழி ஊன்றித் தாண்டுதல், உயரவும் நீளவும் தாண்டுதல், கரணமடித்தல் ஆகியவை அவனுடைய திறன்கள். நம் கழைக்கூத்தாடியின் திறன்களை வரிசைப்படுத்தினாலும் ஏறத்தாழ இதே பட்டியல்தான் வரும். விளையாட்டில் அந்த இணைப்பு கேடற்றது. ஆனால் வித்தைக்காரனையும் திருடனையும் உண்மையிலேயே இணைத்த சட்டம் ஒன்று இந்தியாவில் இருந்தது.

1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராகச் செல்வதே ஐயத்துக்குக் காரணமானது. பதிவு செய்யப்பட்ட சமூகத்தார் இருப்பிடத்தைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஊர் மாறாமல் கழைக்கூத்து நடத்த முடியாது என்பதை எண்ணினால் இதன் கொடுமை விளங்கும். கயிற்று வித்தையைத் தொழிலாகக் கொண்ட தொம்மர் சமூகத்தைப் பற்றி எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் தனிப்பகுதி உள்ளது. 1952இல் நாடு முழுவதும் இச்சட்டம் நீங்கியது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் பெயர் இன்றும் இருக்கிறது.

இன்று

சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. நாட்டியம் பயில்பவர்கள் சிறுவயதிலேயே தொடங்குகிறார்கள். எலும்பும் தசையும் இளகியிருக்கும் பருவத்தில்தான் இப்பயிற்சி படியும். கழைக்கூத்துக்கும் அதுவே பொருந்தும். அங்கே குழந்தைக்கு வகுப்பும் இல்லை, கீழே மெத்தையும் இல்லை. 2009இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2011இல் சர்க்கஸ்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தையைக் கயிற்றிலிருந்து இறக்கிப் பள்ளிக்கு அனுப்பியது சரியே. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின் அதே பிள்ளைக்குக் கரணம் கற்றுத்தர, இசைப் பள்ளிகளில் பரதநாட்டியத்துக்கு இருப்பதுபோன்ற ஓர் இடம் கழைக்கூத்துக்கு இல்லை. பெரியவர்களோ தாங்கள் கற்ற வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமலே நிறுத்திக்கொண்டு வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.