ஒருசந்தியும் உபவாசமும்: தமிழ்க் கிறித்தவர் நோன்பு வரலாறு

உண்ணாநிலை குறித்த சொற்கள் ஈப்போவிலும் குனோங் ராபாட்டிலும் வாழும் நமக்குப் புதியவை அல்ல. இந்துக்கள் விரதம் என்பர். தமிழ் முஸ்லிம்கள் நோன்பு என்பர். மலாய்க்காரர் புவாசா என்பர். தமிழ்க் கிறித்தவரோ சுத்தபோசனம், ஒருசந்தி, உபவாசம் என்னும் மூன்று சொற்களை வழங்கி வந்துள்ளனர். இம்மூன்றும் ஒருபொருள் குறித்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்ததோர் ஒழுக்கத்தைச் சுட்டும்.

சுத்தபோசனம் என்பது கத்தோலிக்கர் வழக்கு. வெள்ளிக்கிழமைகளிலும் குறித்த பிற நாட்களிலும் இறைச்சியை நீக்கி உண்பதே அது. மீனுக்குத் தடை இல்லை. ஆதலால் அதனைச் சைவ உணவு என்று கொள்ளுதல் பொருந்தாது.

ஒருசந்தி, உணவின் வகையைப் பற்றியதன்று, வேளையைப் பற்றியது. ஒரு நாளில் ஒருவேளை மட்டுமே நிறைவாக உண்ணுதல் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் பிற சமயத்தாரும் இச்சொல்லை அறிவர். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தமிழ்த் துறவியரைப் போலப் புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை உண்டு வாழ்ந்தார். புதிய சமயம் மக்கள் முன்பே அறிந்திருந்த தவ ஒழுக்கத்தின் வடிவில் அவர்கள்முன் நின்றது. திருக்குறளில் புலான்மறுத்தலும் தவமும் 26, 27ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்பதை இங்கு நினைவுகூரலாம்.

உபவாசம் சீர்திருத்தச் சபையாரின் சொல். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழியாகத் தமிழில் வேரூன்றிய லுத்தரன் மரபு, உண்ணாநோன்பை மறுக்கவில்லை. ஆயினும் அதனை மீட்புக்குரிய கட்டளையாக்கவும் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி புதன், வெள்ளிக் கிழமைகளில் நோன்பிருந்தார். இம்மரபுகளில் உபவாசம் வேண்டுதலோடு இணைந்தது. உபவாச ஜெபம் என்னும் தொடரே அதற்குச் சான்று. அருகில் தங்குதல் என்பது அவ்வடசொல்லின் பொருள். மலாய்மொழியின் புவாசாவும் அதே சொல்லின் வழிவந்தது என்பது அறியத்தக்கது.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் வந்தபோது இச்சொற்களும் உடன்வந்தன. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்க்கு ஒருசந்தி எங்ஙனம் இயலும்? கடும் உடலுழைப்பாளருக்கு ஒருசந்திக் கடமையிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை விலக்களித்திருந்தது. சுத்தபோசனத்துக்கு அத்தகைய பொதுவிலக்கு இல்லை. எனவே உழைப்பாளிக்கும் ஏனையோர்க்கும் நோன்பு ஒரே வகையாய் அமையவில்லை. வறுமையால் உண்ணாதிருத்தல் நோன்பாகாது. உண்ணக் கூடியவர் தாமே விரும்பி விடுவதே நோன்பு. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே இறைவன் விரும்பும் நோன்பு என்று ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரம் உரைப்பதும் இதனை ஒட்டியதே. நோன்பில் மிச்சமானது ஏழைக்குச் சேர வேண்டும் என 5ஆம் நூற்றாண்டிலேயே பாப்பரசர் பெரிய லியோ போதித்தார்.

1966 பிப்ரவரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தினார். தவக்காலம் முழுவதும் நீண்டிருந்த ஒருசந்திக் கடமை, திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருங்கியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோர்க்கும், ஒருசந்தி 18 வயது நிறைந்தோர்க்கு 60ஆம் வயது தொடங்கும் வரைக்கும் உரியவை. புனித வெள்ளி தீபகற்ப மலேசியாவில் பொதுவிடுமுறை அன்று. ஆதலால் நோன்பிருக்கும் ஆசிரியரும் மாணவரும் அன்று பள்ளிக்குச் சென்றே அதனைக் காக்கின்றனர்.

இன்று நோன்பு என்னும் ஒரு சொல்லே இவையனைத்துக்கும் பொதுவாய் வழங்குகிறது. பொறுத்தல் எனப் பொருள்படும் நோற்றலிலிருந்து பிறந்த அச்சொல் தூயது, அழகியது. எனினும் எதை விடுவது, எத்தனை வேளை விடுவது, எதற்காக விடுவது என்னும் வேறுபாடுகளைப் பழஞ்சொற்களே தெளிவாகக் காட்டின. அவை மறைந்தால், தோட்டத்து முன்னோர் தம் நோன்பை எங்ஙனம் வகுத்துக்கொண்டனர் என்பதை அறியும் வழியும் குறுகும். அச்சொற்களை இன்னும் வழங்கும் முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு, சொல்லையும் வழக்கத்தையும் ஒருங்கே பதிவு செய்தல், ஆசிரியரும் மாணவரும் கூடி இப்போதே செய்யத்தக்க மொழிப்பணியாகும்.