வேலியும் சாலையும்: நியூசிலாந்தில் குடிப்படைச் சட்டங்களும் மாவோரி நிலமும், 1845–1892

1880 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நியூசிலாந்து வடதீவின் மேற்குக் கரையில், தாரனாக்கி மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலை வேலை நடந்தது. வேலை செய்தவர்கள் அரசின் ஆயுதக் காவல்படையினர். சாலை பாரிஹாக்கா என்ற மாவோரி ஊரின் விளைநிலத்துக்குள் நுழைந்தது. காவலர்கள் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். திறந்துகிடந்த பயிருக்குள் கால்நடைகள் இறங்கின. ஊரார் வந்து அதே இடத்தில், சாலைக்குக் குறுக்கே, வேலியை மீண்டும் கட்டினார்கள். காவலர்கள் பிடுங்கினார்கள். மறுபடியும் கட்டினார்கள். வேலி கட்டியவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் மறுநாள் வேறு ஆட்கள் வந்தார்கள். வலுவான ஆண்கள் குறையக் குறைய முதியவர்களும் சிறுவர்களும் கம்பு சுமந்து வந்தார்கள். யாரும் கை ஓங்கவில்லை.

அந்தச் சாலை வெறும் கற்களாலும் மண்ணாலும் ஆனதல்ல. அதற்குப் பின்னால் முப்பத்தைந்து ஆண்டுக்காலச் சட்டங்கள் நின்றன. படைச் சட்டம், நிலச் சட்டம், சாலைச் சட்டம் என்று அவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து எழுதுவது வழக்கம். அப்படிப் பிரித்தால் நடந்தது புரியாது என்பதே என் வாதம். படையில் சேர்ந்தவனுக்குக் கூலி நிலம். நிலத்தை எட்டச் சாலை. சாலையைக் காக்கப் படை. மூன்றும் ஒரே சக்கரத்தின் ஆரங்கள்.

1840 பிப்ரவரி 6 இல் கையெழுத்தான வைதாங்கி உடன்படிக்கை, மாவோரிகளின் நிலமும் காடும் மீன்பிடி இடங்களும் அவர்கள் விரும்பும் வரை அவர்களுக்கே உரியவை என்று உறுதி சொன்னது. விற்பதானால் அரசுக்கே விற்க வேண்டும் என்றும் விதித்தது. ஐந்தே ஆண்டுகளில் வடக்கே போர் மூண்டது. அப்போது வந்ததுதான் 1845 ஆம் ஆண்டின் குடிப்படை அவசரச் சட்டம். பதினெட்டு முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்கள் அழைப்பு வந்தால் பயிற்சிக்கும் காவலுக்கும் வந்தாக வேண்டும். மாவோரிகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. படிப்பதற்குச் சலுகைபோல இருக்கும். ஆனால் குடிகள் என்று எல்லோரையும் ஏற்றுக்கொண்ட அரசு, ஆயுதம் ஏந்தும் குடிகள் யார், அந்த ஆயுதம் யாரை நோக்கித் திரும்பும் என்பதை அந்த ஒரு விலக்கில் எழுதிவைத்துவிட்டது.

1858 இல் குடிப்படைச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. தாமாக முன்வரும் தொண்டர் படைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அதன் முதல் பெரிய சோதனை தாரனாக்கியில் நேர்ந்தது. வைத்தாரா ஆற்றங்கரையில் ஒரு நிலத்துண்டை தே தெய்ரா என்பவர் அரசுக்கு விற்க முன்வந்தார். அது இனக்குழுவின் பொதுச்சொத்து, விற்க முடியாது என்று தலைவர் விரெமு கிங்கி மறுத்தார். 1860 பிப்ரவரியில் நிலம் அளக்க வந்தவர்களை ஊரார் தடுத்தார்கள். மார்ச்சில் பீரங்கி முழங்கியது. மார்ச் 28 இல் வைரெக்காவில் நடந்த சண்டையில் தாரனாக்கித் துப்பாக்கித் தொண்டர்கள் முறையான படையோடு சேர்ந்து களமிறங்கினார்கள். அவர்கள் கடைக்காரர்களும் உழவர்களும். பக்கத்து நிலம் யாருடையது என்ற கேள்வியில் அவர்களுக்கே நேரடி அக்கறை இருந்தது. சம்பளப் படைக்கும் தொண்டர் படைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

அடுத்து சாலை. 1861 இன் இறுதியில் ஆளுநர் ஜார்ஜ் கிரே, ஆக்லாந்துக்குத் தெற்கே போகும் பெருந்தெற்குச் சாலையை நீட்டிக்கும்படி ஏகாதிபத்தியப் படையினருக்கு ஆணையிட்டார். துரூரியிலிருந்து குன்றுகளையும் காட்டையும் வெட்டிக்கொண்டு போக்கெனோ வரை சாலை வந்தது. அதற்கு அப்பால் மங்காத்தாவிரி ஓடை. ஓடைக்கு அப்பால் வைக்காட்டோ. 1858 இல் தங்களுக்கென ஓர் அரசரை அமர்த்திக்கொண்ட மாவோரிகளின் நாடு அது. சாலையின் முனை எதை நோக்கியிருக்கிறது என்பது ஓடைக்கு அக்கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1863 ஜூலை 9 இல் ஓர் அறிவிப்பு வந்தது: ஆக்லாந்துக்கும் ஓடைக்கும் இடையே வாழும் மாவோரிகள் பிரிட்டிஷ் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மறுத்தால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். ஜூலை 12 இல் ஜெனரல் கேமரனின் படை ஓடையைக் கடந்தது. மூன்றே நாள் இடைவெளி.

அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய நியூசிலாந்துக் குடியேற்றச் சட்டம் இந்தக் கட்டுரையின் மையம். ஒரு வட்டாரத்தில் ஓர் இனக்குழுவோ அதில் கணிசமானவர்களோ கலகம் செய்தார்கள் என்று ஆளுநர் கருதினால், அந்த வட்டாரத்தின் நிலத்தைக் குடியேற்றத்துக்காக எடுத்துக்கொள்ளலாம். கலகக்காரன் நிலம், கலகம் செய்யாதவன் நிலம் என்று எடுக்கும்போது பார்க்கத் தேவையில்லை. கலகம் செய்யாதவர் பிறகு இழப்பீட்டு நீதிமன்றத்தின் படியேறி மனுப்போட வேண்டும். அரசின் பக்கம் நின்று போரிட்ட மாவோரிகளின் நிலமும் இந்தக் கோட்டுக்குள் விழுந்தது. வைக்காட்டோவில் சுமார் 12 லட்சம் ஏக்கர், தாரனாக்கியிலும் ஏறத்தாழ அதே அளவு பறிமுதலானது.

பறித்ததை யாருக்குக் கொடுப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலும் ஒட்டாகோ தங்கவயல்களிலும் ஆள் பிடித்து வைக்காட்டோ குடிப்படை என்ற பெயரில் படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. மூன்றாண்டு சேவைக்கு ஈடாகச் சாதாரணச் சிப்பாய்க்கு 50 ஏக்கர். பதவி உயர உயர ஏக்கரும் உயர்ந்து, மேல்நிலை அதிகாரிக்கு 400 ஏக்கர். கிரிகிரிரோவா என்ற மாவோரி ஊர் இருந்த இடத்தில் 1864 இல் இப்படி வந்தவர்கள் இறங்கினார்கள். இன்றைய ஹாமில்டன் நகரம் அப்படித்தான் தொடங்கியது. சதுப்பும் புதருமாக இருந்த துண்டு நிலத்தில் பிழைக்க வழியில்லாமல் சிப்பாய்களில் பலர் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நிலம் பெரும் வணிகர்கள் கைக்குப் போனது. பறிகொடுத்தவனுக்கும் இல்லை, பரிசாகப் பெற்றவனுக்கும் இல்லை.

1865 ஆம் ஆண்டைத் தனியே கவனிக்க வேண்டும். தொண்டர் படைகளை ஒழுங்குபடுத்தும் தொண்டர் சட்டமும், மாவோரி நிலத்துக்குப் பட்டா வழங்கும் நீதிமன்றத்தை நிலைநிறுத்திய சுதேசி நிலச் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. நூற்றுக்கணக்கானோர் கூட்டாக ஆண்ட நிலத்துக்கு அதிகபட்சம் பத்துப் பேர் பெயரில் பட்டா தரும் வழியை நிலச் சட்டம் திறந்தது. பத்துப் பேரை மடக்கினால் ஊரையே வாங்கிவிடலாம். அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் இருந்தது: பட்டா கிடைத்த நிலத்தில் இருபதில் ஒரு பங்கு வரை, இழப்பீடு ஏதுமின்றி, சாலைக்காக அரசு எடுத்துக்கொள்ளலாம். நூறு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர். பட்டா கேட்டு வந்தவனிடம் பட்டாவோடு சேர்த்துச் சாலைக் கடனும் ஏற்றப்பட்டது. இந்த ஐந்து சதவீத விதி 1927 வரை ஏதோ ஒரு வடிவில் சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

ஏகாதிபத்தியப் படைகள் நாடு திரும்பத் தொடங்கியதும், 1867 இல் ஆயுதக் காவல்படை அமைக்கப்பட்டது. 1870 இல் ஜூலியஸ் வோகல் கடன் வாங்கிப் பெரும் சாலை, ரயில் திட்டத்தைத் தொடங்கியபோது காவல்படையின் கையில் துப்பாக்கியோடு மண்வெட்டியும் ஏறியது. காவல் நிலையங்களை இணைக்கும் சாலைகளை அவர்களே போட்டார்கள்.

படை, நிலம், சாலை ஆகிய மூன்றும் வந்து கலந்த இடம் பாரிஹாக்கா. 1860களின் பிற்பகுதியில் தே விட்டி ஓ ரோங்கோமாய், தோஹு காக்காஹி ஆகிய இருவரும் அமைத்த ஊர் அது; நிலமிழந்தவர்கள் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். காகிதத்தில் அந்த நிலம் 1865 இலேயே பறிமுதலானது. ஆனால் அரசு பல ஆண்டுகள் அதைத் தொடவில்லை. மாவோரிகளுக்கென ஒதுக்குவதாகச் சொன்ன பகுதிகளை அளந்து கொடுக்கவுமில்லை. வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்பதை 1880 இல் அரசே அமைத்த மேற்குக் கரை ஆணையம் ஒப்புக்கொண்டது. அதற்குள் நிலம் அளப்போர் வந்துவிட்டார்கள். 1879 மே 25 இல் பாரிஹாக்காவின் ஆட்கள், குடியேறிகள் பிடித்திருந்த நிலத்தில் ஏர் பூட்டி உழுதார்கள். இது எங்கள் மண் என்பதை அவர்கள் கலப்பையால் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வேலி.

உழுதவர்களையும் வேலி கட்டியவர்களையும் நீண்ட காலம் அடைத்துவைக்க இருந்த சட்டம் போதவில்லை. ஆகவே சட்டத்தையே செய்தார்கள். 1879 இன் சட்டம் விசாரணையைத் தள்ளிப்போட வழிசெய்தது. 1880 இன் சட்டங்கள் விசாரணையின்றி அடைத்துவைக்கவும், உழுவோருக்கும் வேலி கட்டுவோருக்கும் கடுங்காவல் தண்டனை தரவும் அனுமதித்தன. நானூறுக்கும் மேற்பட்டோர் தென்தீவுச் சிறைகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் ஒரு நீதிபதியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. துனெடினில் அந்தக் கைதிகளைக் கொண்டு சாலை வேலையும் கடலோரச் சுவர் வேலையும் வாங்கினார்கள். தன் வயலில் சாலை வேண்டாம் என்றவனை அயலூரில் சாலை போட வைத்ததைவிட இந்தச் சட்டங்களின் இயல்பைக் காட்டும் சான்று வேறில்லை.

1881 அக்டோபர் 19 அன்று இறுதி எச்சரிக்கை வெளியானது. ஆளுநர் ஆர்தர் கோர்டன், பின்னாளில் இலங்கையை ஆண்ட அதே கோர்டன், பிஜியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அமைச்சரவையின் போக்கில் அவருக்கு உடன்பாடில்லை. அவர் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பாக, பொறுப்பு வகித்த தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் கையெழுத்திட்டார். நவம்பர் 5 காலையில் சுதேசி அமைச்சர் ஜான் பிரைஸ் தலைமையில் சுமார் 1,600 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். பாதிக்கு மேல் நாட்டின் பல ஊர்களிலிருந்து திரண்ட தொண்டர்கள். எதிரே வழியில் சிறுவர்கள் பாடிக்கொண்டு நின்றார்கள், சிறுமிகள் கயிறு தாண்டி விளையாடினார்கள். வருவோருக்கென ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். ஊர்ப் பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்கள் இருவரும் கைதானார்கள். சுமார் 1,600 பேர் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர் அழிக்கப்பட்டது. 1882 இல் இன்னொரு சட்டம், இருவரையும் விசாரிக்காமலே வைத்திருக்க அனுமதித்தது. 1883 இல்தான் விடுதலை.

அரசின் மன்னிப்பு வந்தது 2017 ஜூன் 9 இல், பாரிஹாக்கா மண்ணிலேயே. 2019 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் நிலம்? மேற்குக் கரை ஆணையத்தின் பரிந்துரையால் மாவோரிகளுக்குத் திருப்பித் தரப்பட்ட நிலங்கள் பொது அறங்காவலர் கையில் வைக்கப்பட்டு, குடியேறிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1892 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆண்டுக்கு ஒருமுறை குத்தகைதாரர் புதுப்பித்துக்கொண்டே போகக்கூடிய நிரந்தரக் குத்தகையாக்கியது. அந்தக் குத்தகைகள் பல இன்றும் நடப்பில் இருக்கின்றன. உரிமையாளரின் பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்த நிலத்தின் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.