முகநரம்பும் முப்பரிமாணப் படமும்

கண்ணிமையில் தொடங்கும் சிறு துடிப்பு மெல்லப் பரவி, முகத்தின் ஒரு பாதியையே இழுத்துவிடும் நோயொன்று உண்டு. அது உயிரைப் பறிக்காது. ஆனால் நாலுபேர் முன் நிமிர்ந்து பேசவிடாது. அதன் காரணம் கண்டறியப்பட்ட வரலாற்றை நான் வியப்புடன் படித்தேன்.

முகத்தசைகளை இயக்குவது ஏழாவது மண்டை நரம்பு. முகத்தின் உணர்ச்சிக்குரியது ஐந்தாவது நரம்பு. இந்த ஐந்தாவது நரம்பை இரத்தக்குழாய் அழுத்துவதால் கடும் முகவலி உண்டாகலாம் என்று அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி 1934இல் எழுதினார். ஏற்றவர் சிலரே. 1966இல் லொஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியிலிருந்த பீற்றர் ஜெனெற்றா, நுணுக்குக்காட்டியின் துணையுடன் அந்த அழுத்தத்தைக் கண்டார். முகத்துடிப்பிலும் ஏழாவது நரம்புக்கு இதுவே நேர்கிறது என்றும், குழாயை விலக்கி இடையே சிறு தடுப்பு வைத்தால் துடிப்பு நிற்கும் என்றும் வாதிட்டார். மூத்தோர் பலர் நம்ப மறுத்தனர். மண்டையோட்டைத் திறக்காமல் அதை எவருக்கும் காட்ட இயலாதிருந்தது.

அக்குறையைப் பின்னாளில் எம்.ஆர்.ஐ. தீர்த்தது. மெல்லிய அடுக்குகளாக எடுக்கப்படும் படங்களைக் கணினி ஒன்றிணைத்து, நரம்பையும் குழாயையும் முப்பரிமாணத்தில் காட்டுகிறது. எந்தக் குழாய் எப்பக்கமிருந்து அழுத்துகிறது என்பதை முன்கூட்டியே அறியலாம். செவிநரம்பு அருகிலேயே செல்வதால், கேட்கும் திறனைக் காக்கவும் இந்த அறிவு உதவுகிறது.

எனினும், நோயற்றோர் சிலரிலும் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுண்டு. ஆகவே, படம் வழிகாட்டுமேயன்றி நோயைத் தீர்மானிக்காது. நோயாளியின் முகத்தை நேரிற் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டறிவதே இன்றும் முதற் சோதனை.