விறகில் ஒளிந்திருந்த விஷம்

1/ எந்த விறகுப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆனா சில மரங்களை எரிச்சா புகையோட ஆர்சனிக்கும் வரும். அந்த மரத்தோட கதை நம்ம நாட்டில்தான் தொடங்குது.

2/ 1933. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சோன்டி காமேசம், மரத்தைக் கரையானும் பூஞ்சையும் அரிக்காமல் இருக்க ஒரு கலவை கண்டுபிடிச்சார். தாமிரம், குரோமியம், ஆர்சனிக். சுருக்கமா சி.சி.ஏ.

3/ தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோட இறுகப் பிடிச்சு வைக்கும். மழையில் நனைஞ்சாலும் பெரும்பகுதி மரத்திலேயே தங்கிடும். மின்கம்பம், வேலி, வீட்டுத் திண்ணைன்னு உலகம் முழுக்கப் பரவியது.

4/ எல்லாம் சரி. ஆனா நெருப்பு வெச்சா அந்தப் பிடி விட்டுப்போகும். ஆர்சனிக் ஒரு தனிமம், எரிஞ்சு அழியாது. கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும்.

5/ அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். கிராமத்து வீடு ஒன்று, எட்டுப் பேர். குளிர்காலம் வந்தா இருமல், நிமோனியா, தோல் அழற்சி, மூக்கில் ரத்தம், வலிப்பு, கொத்துக் கொத்தா முடி கொட்டுதல். வெயில் காலத்தில் குறைஞ்சிடும். அடுத்த குளிரில் மறுபடியும்!

6/ காரணம் அடுப்பில் இருந்தது. குளிர்காய எரிச்ச மரம் சி.சி.ஏ. ஏற்றிய மரம். முடியிலும் நகத்திலும் ஆர்சனிக் இருந்தது. 1984இல் இது அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வெளியானது.

7/ 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இந்தக் கலவையைப் போடுவது பெருமளவு நின்றது. ஆனா பழைய மரங்கள் அப்படியேதானே இருக்கும்?

8/ அதனால நீங்க செய்ய வேண்டியது:

• எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத பழைய கம்பம், வேலி, பலகையை வெந்நீர் அடுப்பில் வைக்காதீங்க.
• லேசான பச்சை நிறம் ஒரு அடையாளம். ஆனா வெயிலில் அது மங்கிடும். நிறம் இல்லைன்னா பயமில்லைன்னு நினைக்காதீங்க.
• அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்காதீங்க. செடிக்கும் போடாதீங்க.
• டாக்டரிடம் போனா என்ன எரிக்கிறீங்கன்னும் சொல்லுங்க.

9/ ரத்தப் பரிசோதனை எழுதுறதுக்கு முன்னாடி, "வீட்டில் அடுப்பு எரிக்க என்ன பயன்படுத்துறீங்க?"ன்னு டாக்டர்களும் கேட்கணும். விஸ்கான்சின் குடும்பத்தின் பதில் விறகுக் கட்டையில்தான் இருந்தது.

விறகடுப்பு இருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்க.